டல்லாஸ் 2014: நோயோடு பழியையும் சுமந்த செவிலியர்கள்

2014 அக்டோபர் 12. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் எபோலா நோயாளியைக் கவனித்த ஒரு செவிலியருக்கே தொற்று வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அவர் நினா பாம். அன்றே நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநர் டாம் ஃப்ரீடன், பாதுகாப்பு நெறிமுறை எங்கோ மீறப்பட்டிருக்கிறது என்றார். என்ன மீறல் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் பழி செவிலியர் தலையில் விழுந்தது.

நடந்ததைப் பாருங்கள். லைபீரியாவிலிருந்து வந்திருந்த தாமஸ் எரிக் டங்கன் என்ற கறுப்பினத்தவர் காய்ச்சலோடு அந்த மருத்துவமனைக்குப் போனார். அவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று செவிலியர் பதிவு செய்திருந்தார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செப்டம்பர் 28 அன்று ஆம்புலன்சில் திரும்பக் கொண்டுவரப்பட்டார். அக்டோபர் 8 அன்று இறந்தார்.

அந்த மருத்துவமனையில் செவிலியர்களுக்குச் சங்கம் கிடையாது. வாயைத் திறந்தால் வேலை போகும் என்ற அச்சம். அதனால் பெயர் சொல்லாமல், தேசியச் செவிலியர் சங்கத்தின் வழியாக அக்டோபர் 14 அன்று பேசினார்கள். டங்கனைப் பல மணி நேரம் மற்ற நோயாளிகள் இருந்த இடத்திலேயே வைத்திருந்தார்கள். தந்த உடை கழுத்தை மூடவில்லை, பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். முறையான பயிற்சி இல்லை என்றார்கள். இருந்தால்தானே நெறிமுறையை மீற முடியும் என்பதே அவர்கள் வாதம். நிர்வாகம் மறுத்தது. மறுநாளே ஆம்பர் வின்சன் என்ற இன்னொரு செவிலியருக்கும் தொற்று உறுதியானது. இவரும் கறுப்பினத்தவர். காய்ச்சல் இலேசாக இருந்தபோதே அந்த மையத்திடம் தகவல் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். அப்படியும் ஊடகங்கள் அவரைத்தான் குற்றவாளி ஆக்கின.

இது ஒரு மருத்துவமனையின் கதை மட்டுமல்ல. அச்சங்கம் நாடு முழுவதும் செவிலியர்களிடம் கேட்டபோது, எபோலா நோயாளி வந்தால் என்ன செய்வது என்று நிர்வாகம் தங்களுக்குச் சொல்லவே இல்லை என்றார்கள் 76 விழுக்காட்டினர். ஆபத்து எங்கே இருக்கிறது என்று நோயாளியைத் தொட்டுத் தூக்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அக்டோபர் 20 அன்று அரசின் விதிகள் மாறின. உடலில் எந்தப் பகுதியும் வெளியே தெரியக் கூடாது, திரும்பத் திரும்பப் பயிற்சி வேண்டும், உடையை அணியும்போதும் கழற்றும்போதும் ஒருவர் கண்காணிக்க வேண்டும் என்றது அரசு. செவிலியர்கள் கேட்டதில் பெரும்பகுதி இதுதான். பாமும் வின்சனும் அந்த மாதமே குணமாகி வெளியே வந்தார்கள்.

தோழர்களே, இந்தப் பழிபோடும் முறை நமக்குப் புதிதல்ல. மலக்குழியில் நம்மவர் மூச்சுத் திணறிச் சாகும்போதும் 'பாதுகாப்புக் கவசம் இல்லாமல் இறங்கினார்' என்றுதானே முதலில் சொல்கிறார்கள்? கவசத்தை யார் தரவில்லை, யார் இறக்கிவிட்டார்கள் என்று கேட்பதில்லை. டல்லாஸ் செவிலியர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். சங்கம் இல்லாத இடத்திலும் ஒரு சங்கத்தைத் தேடிப் போய், கூட்டாகக் கேட்டார்கள். அதனால்தான் ஒரு வாரத்துக்குள் பதில் வந்தது.