குதிரைக் கண்ணும் நிலாவும்

குதிரைக்குக் கண் சிவந்து நீர் வடியும். தானா சரியாகும். கொஞ்ச நாள்ல மறுபடி வரும். கடைசியில பார்வையே போயிடும். நிலா தேய்ந்து வளர்றதுதான் காரணம்னு நினைச்ச ஐரோப்பியர்கள் 'நிலாக் குருடு'ன்னு பேர் வச்சாங்க.

அந்தக்கால இங்கிலாந்தில் லாடம் கட்டுறவங்கதான் குதிரை வைத்தியர்களும். அவங்க வைத்தியம் இருக்கே, கொடுமை! வீங்கித் துருத்துற மூன்றாம் இமையையே நோய்னு நினைச்சு, மயக்க மருந்தில்லாத காலத்துல அறுத்து எடுத்தாங்க. தூசியிலிருந்து கண்ணைக் காப்பாத்தறதே அந்த இமைதான்!

1990-களில் ஜெர்மனியின் மியூனிக் குதிரை மருத்துவர்கள் விழிக்குள் கலங்கிப்போன ஜெல்லியை உறிஞ்சி எடுத்து உப்புநீர் நிரப்பினார்கள். எடுத்ததைச் சோதிச்சா, பல குதிரைகளில் லெப்டோஸ்பைரா! நம்மூர்ல எலிக்காய்ச்சல் தர்ற அதே வகைக் கிருமி. நிலா பாவம். அறுவைக்குப் பிறகு அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அழற்சி திரும்பலை. ஏற்கெனவே போன பார்வையும்தான்.