பகைவர் அனுப்பிய கதைப்புத்தகங்கள்

போர் ஓய்ந்த ஒரு நாட்டில் குழந்தைக்கு முதலில் வேண்டுவது எது என்று வினவினால், உணவு, உடை, உறைவிடம் என்றே நாம் அனைவரும் விடை கூறுவோம். அது சரியான விடையுமாகும். பசித்திருக்கும் பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுப்பது இரக்கமற்ற செயலாகவே நமக்குத் தோன்றும். ஆயினும் 1945ஆம் ஆண்டில், இடிபாடுகளாய்க் கிடந்த ஜெர்மனியில், உணவோடு கதைகளும் வேண்டும், அதுவும் நேற்றுவரை பகைவராயிருந்த நாடுகளின் கதைகளே வேண்டும் என்று ஒரு பெண்மணி வாதிட்டார். அவர் பெயர் யெல்லா லெப்மன். நல்ல நூல்கள் சிறுவர் உள்ளத்தில் அன்பை வளர்க்கும், காயங்களை ஆற்றும் என்று இன்று நாம் எளிதாகப் பேசுகிறோம். அந்த எண்ணம் எத்தகைய சாம்பலிலிருந்து முளைத்தது என்பதை அவருடைய வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

யெல்லா லெப்மன் 1891ஆம் ஆண்டு ஸ்டுட்கார்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். தம் பதினேழாம் வயதிலேயே, அந்நகரின் புகையிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென ஒரு படிப்பகத்தை அமைத்தவர். 1922இல் கணவரை இழந்தார். இரண்டு பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. நாளிதழ் ஒன்றில் எழுத்தாளராகப் பணிபுரிந்து குடும்பத்தைக் காத்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர்கள் தம் பணிகளிலிருந்து அகற்றப்பட்டனர். 1936இல் லெப்மன் பிள்ளைகளுடன் தாய்நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

அவர் விட்டுச் சென்ற ஜெர்மனி, நூல்களைக் கண்டு அஞ்சிய நாடு. 1933 மே 10ஆம் நாள் இரவு, பெர்லினிலும் வேறு பல்கலைக்கழக நகரங்களிலும் நூல்கள் குவிக்கப்பட்டுத் தீயிடப்பட்டன. சிறுவர்க்காக எழுதிப் புகழ்பெற்ற எரிக் கெஸ்ட்னரின் நூல்களும் அத்தீயில் வீசப்பட்டன. கூட்டத்தினரிடையே நின்று அதை அவரே கண்ணாரக் கண்டார். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த செய்தியைக் கேட்ட நமக்கு, அந்த வேதனை எத்தகையது என்று எவரும் விளக்கத் தேவையில்லை. நூல்களை எரித்ததோடு அந்த ஆட்சி நின்றுவிடவில்லை. பள்ளிப் பாடங்களிலும் கதைகளிலும் அயலானை வெறுக்கும் பாடத்தைப் புகுத்தியது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த நஞ்சைப் பருகியே ஒரு தலைமுறை வளர்ந்தது.

போர் முடிந்தபின், பெண்கள், இளைஞர் நலனுக்கான ஆலோசகராக ஜெர்மனிக்கு வருமாறு அமெரிக்கப் படைத்துறை லெப்மனை அழைத்தது. அவர் தயங்கினார். தயங்காமல் எப்படி இருப்பார்? ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தனர். அவர்களுள் பதினைந்து இலட்சம் பேர் குழந்தைகள். கதை கேட்கவும் புத்தகம் புரட்டவும் அந்தப் பிள்ளைகள் இனி வரப்போவதில்லை. அவர்களைக் கொன்ற நாட்டின் பிள்ளைகளுக்கு உதவச் செல்வது நீதியாகுமா என்ற கேள்வி எழுவது இயல்பேயன்றோ? ஆயினும் பெற்றோர் செய்த குற்றத்தைப் பிள்ளைகளின் தலைமேல் சுமத்தக்கூடாது என்று அவர் முடிவு செய்தார். 1945 இலையுதிர் காலத்தில், தம்மை விரட்டிய மண்ணிலேயே மீண்டும் காலெடுத்து வைத்தார். நடந்ததை அவர் மறக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. நடந்தது மீண்டும் நடவாதிருக்க எங்கிருந்து தொடங்குவது என்பதே அவர் தேடிய விடை. குழந்தைகளிடமிருந்து தொடங்கினால் அவர்களே பெரியவர்களுக்கு வழிகாட்டுவர் என்பது அவர் கண்ட விடை.

குழந்தைகளிடம் கொடுக்க நல்ல நூல்கள் நாட்டில் இல்லை. வாங்குவதற்குப் பணமும் இல்லை. லெப்மன் இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் நாட்டின் சிறந்த சிறுவர் நூல்களைக் கொடையாக அனுப்புங்கள், இந்தப் போருக்கு இக்குழந்தைகள் பொறுப்பல்ல என்பதே அக்கடிதங்களின் சாரம். அவற்றைப் பெற்றவர்களில் பலர் ஜெர்மனியின் குண்டுகளால் வீடிழந்த நாட்டினர். என்றாலும் நூல்கள் வரத் தொடங்கின. பெல்ஜியம் மட்டும் மறுத்தது. 1914இலும் 1940இலும் இருமுறை ஜெர்மானியப் படைகளால் மிதிக்கப்பட்ட நாடு அது. அந்த மறுப்பில் நியாயமில்லை என்று எவர் சொல்லக்கூடும்? லெப்மனும் அப்படிச் சொல்லவில்லை. மீண்டும் எழுதினார். இருமுறை துன்புற்ற நாடு என்பதாலேயே, மூன்றாம் முறை அது நேராதிருக்க, இப்பிள்ளைகளுக்கு ஒரு புதிய தொடக்கம் கிடைப்பதில் உங்களுக்குத்தான் மிகுந்த அக்கறை இருக்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். பெல்ஜியமும் நூல்களை அனுப்பியது. காயப்பட்டவரின் வலியை மறுக்காமல், அந்த வலியிலிருந்தே நன்மைக்கு ஒரு காரணத்தைக் கண்டெடுத்த அந்தக் கடிதத்தை, சமாதானப் பணியின் சிறந்த பாடங்களுள் ஒன்றாக நாம் கருதலாம்.

1946 ஜூலை 3ஆம் நாள் மியூனிக் நகரில் பன்னாட்டுச் சிறுவர் நூற் கண்காட்சி திறக்கப்பட்டது. ஏறத்தாழ 4000 நூல்களும், பல நாட்டுக் குழந்தைகள் தீட்டிய ஓவியங்களும் அங்கே வைக்கப்பட்டன. கண்காட்சி நடந்த கட்டடமும் கருதத்தக்கது. தன் ஆட்சிக்கு உகந்த கலையை மட்டுமே போற்றுவதற்கென ஹிட்லர் கட்டுவித்து 1937இல் திறந்துவைத்த கலைக்கூடம் அது. அயலார் எவர்க்கும் இடமில்லை என்று முழங்கிய அதே மண்டபத்தில், அயலாரின் கதைகள் அரங்கேறின. மியூனிக்கிலிருந்து ஸ்டுட்கார்ட், பிராங்க்பர்ட், பெர்லின் என்று அந்நூல்கள் பயணம் செய்தன.

கண்காட்சியில் உள்ள நூலைப் பார்க்கலாம், வீட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாது. அந்தக் குறையைப் போக்க லெப்மன் ஒரு கதையைத் தெரிந்தெடுத்தார். அமெரிக்கரான மன்ரோ லீஃப் எழுதி, இராபர்ட் லாசன் படம் வரைந்து, 1936இல் வெளிவந்த பெர்டினாண்ட் என்னும் காளையின் கதை அது. மற்றக் கன்றுகளெல்லாம் முட்டிமோதி விளையாட, பெர்டினாண்ட் மட்டும் மரநிழலில் அமர்ந்து மலர்களை முகர்ந்துகொண்டிருக்கும். இப்படித் தனித்திருக்கிறதே என்று தாய்ப்பசு முதலில் கவலைகொள்ளும். தனிமை தன் பிள்ளையை வருத்தவில்லை என்று கண்டதும், அதை அதன் விருப்பம்போல் இருக்க விட்டுவிடும். ஒரு நாள் தேனீ கொட்டியதால் துள்ளிக் குதித்த பெர்டினாண்டை முரட்டுக் காளை என்று தவறாக எண்ணி, காளைச்சண்டைக்காகக் கொண்டு செல்வர். களத்தின் நடுவிலும் அது சண்டையிடாது. பெண்களின் கூந்தலில் சூடிய மலர்களின் மணத்தை நுகர்ந்து அமர்ந்துவிடும். வேறு வழியின்றி அதை வீட்டுக்கே திருப்பி அனுப்புவர். கதை அவ்வளவுதான். ஆனால் ஹிட்லரின் ஜெர்மனியிலும் பிராங்கோவின் ஸ்பெயினிலும் இச்சிறு நூலுக்கு இடமில்லாமற் போயிற்று.

லெப்மன் தாமே அக்கதையை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நல்ல தாள் கிடைக்காத காலமாதலால், செய்தித்தாளுக்குரிய மலிவான தாளிலேயே 30,000 படிகள் அச்சாயின. 1946ஆம் ஆண்டு இறுதியில், கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில், பெர்லின் குழந்தைகளின் கைகளில் அவை இலவசமாகச் சென்று சேர்ந்தன. அந்தக் குளிர்காலத்தில் அந்தத் தாள்கள் எவர் பசியையும் ஆற்றியிரா. ஆனால் வலிமையே ஆண்மை, போரே பெருமை என்று போதிக்கப்பட்ட பிள்ளை, சண்டையிட மறுத்த ஒரு காளையை நேசிக்கக் கற்றது. மற்றவரைப் போல் இராத பிள்ளையையும் அதன் தாய் அப்படியே ஏற்றுக்கொள்வதைக் கண்டது. கட்டளையிட்டுப் புகட்ட முடியாத பாடம் அது. அறிவுரை கூறினால் பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும். கதை சொன்னாலோ தானே அருகில் வந்து அமரும்.

இம்முயற்சி கண்காட்சியோடு முடிந்துவிடவில்லை. 1949 செப்டம்பரில் மியூனிக்கில் பன்னாட்டு இளைஞர் நூலகம் திறக்கப்பட்டது. குழந்தைகள் அங்கே படித்ததோடு ஓவியம் தீட்டினர், பிறமொழி பயின்றனர், கூடி விவாதித்தனர். அதே ஆண்டில், லெப்மன் தந்த கருத்தைக் கொண்டு எரிக் கெஸ்ட்னர் எழுதிய விலங்குகளின் மாநாடு என்னும் நூல் வெளிவந்தது. மாநாடு மேல் மாநாடு கூட்டியும் அமைதி காண முடியாத மனிதத் தலைவர்களைக் கண்டு சலித்த விலங்குகள், குழந்தைகளின் பொருட்டுத் தாமே மாநாடு கூட்டும் கதை அது. தம் நூல்கள் எரிவதைக் கண்ட அதே கண்களால் அவர் இப்படி ஒரு சிரிப்பைக் காண முடிந்தது. 1953இல் சூரிக் நகரில், இளையோர்க்கான நூல்களின் பன்னாட்டு மன்றம் லெப்மனின் முயற்சியால் உருவாயிற்று. ஆன்டர்சன் பிறந்த நாளான ஏப்ரல் 2, 1967 முதல் பன்னாட்டுச் சிறுவர் நூல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. லெப்மன் 1970இல் மறைந்தார்.

அவர் இட்ட விதை பின்னும் கிளைத்தது. உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகளுக்கான நூல்களின் தொகுப்பு ஒன்று 1985இல் நார்வேயில் தொடங்கப்பட்டு, பின்னர் கனடாவின் டொராண்டோ நகருக்கு மாற்றப்பட்டது. தொட்டு அறியும் படங்கள் கொண்ட நூல்களும், அத்தகைய பிள்ளைகளையே கதைமாந்தராய்க் கொண்ட நூல்களும் அதில் இடம்பெற்றன. 2012இல், கடல் கடந்து அகதிகள் வந்திறங்கும் இத்தாலியின் லாம்பெடுசா தீவுக்கென, சொற்களே இல்லாத படக்கதை நூல்களை அதே மன்றம் பல நாடுகளிலிருந்தும் திரட்டத் தொடங்கியது. ஒரு மொழியும் பொதுவாக அறியாத அகதிப் பிள்ளையும் தீவுப் பிள்ளையும் அருகருகே அமர்ந்து ஒரே பக்கத்தைப் புரட்டலாம் அல்லவா?

இவ்வரலாற்றைப் படித்து முடிக்கும்போது, நம் வீட்டு அலமாரியை நாம் ஒருமுறை நோக்க வேண்டியவர்களாகிறோம். நம் பிள்ளைகளுக்கு நாம் வாங்கித் தரும் நூல்கள் எவருடைய கதைகளைச் சொல்கின்றன? நம்மைப் போல் உண்பவர், நம்மைப் போல் உடுத்துபவர், நம்மைப் போல் வழிபடுபவர் மட்டுமே அவற்றில் நடமாடுகின்றனரா? சேரிப் பிள்ளையும், வேற்று மதத்துப் பிள்ளையும், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் அக்கதைகளில் பரிதாபத்துக்குரியவராக அன்றி, நண்பராக வருகின்றனரா? நம்மோடு மனவருத்தம் கொண்ட உறவினரின் பிள்ளைக்கு, நாம் கடைசியாக ஒரு கதைப்புத்தகம் பரிசளித்தது எப்போது?

பகைவர் அனுப்பிய நூல்களால் ஒரு தலைமுறை தன் புண்ணை ஆற்றிக்கொள்ளத் தொடங்கியது. அதற்கு முன்னர் யாரோ ஒருவர், காயப்பட்டிருந்தும், முதற் கடிதத்தை எழுத வேண்டியிருந்தது.