கைத்துரப்பணம் (பள்ளிப் பட்டறை)

மரத்திலும் மெல்லிய தகட்டிலும் கையால் துளையிடும் கருவி. கரிசல் காட்டில் வண்டிக்கும் கலப்பைக்கும் கருவேல மரத்தைக் குடையத் தச்சர்கள் கையாண்டது வில் துரப்பணம். பள்ளிப் பட்டறையில் இருப்பது பல்சக்கரக் கை டிரில். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்பிரிவு 1978 முதல் உண்டு.

கோவில்பட்டி வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் கருவேலம் கடினமானது. பழகாத மாணவர் அழுத்தத்தைக் கூட்டுவார், பிட் (துளையிடும் அலகு) முறியும். பொருளை வைஸில் இறுக்க வேண்டும். கையில் பிடித்துத் துளைப்பது அறவே கூடாது. சென்டர் பஞ்சால் குழி போடாவிட்டால் முனை வழுக்கும். முதலில் 3 மி.மீ. பிட், பிறகு பெரியது. அடியில் கழிவுப் பலகை வைத்தால் மரம் சிலும்பாது. மறுபுறம் முனை எட்டும்போது அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். தூளை ஊதினால் கண்ணில் விழும், தூரிகை போதும். மின்சாரம் இல்லை என்ற அலட்சியத்தில் துப்பட்டாவும் சடையும் பல்சக்கரத்தில் சிக்குவதுண்டு.