நெருப்புக் காய்ச்சலும் நகரத்துச் சிறாரும்

மூன்று வாரம் விடாது உடலை எரிக்கும் காய்ச்சலுக்கு நெருப்புக் காய்ச்சல் என்று பெயரிட்டனர் நம் முன்னோர். அந்நோயை விளைக்கும் கிருமியை ஜெர்மானிய அறிஞர் கார்ல் எபெர்த் 1880ஆம் ஆண்டிலே கண்டறிந்தார். நோயாளியின் மலத்தோடு வெளியேறும் இக்கிருமி, தண்ணீரிலும் உணவிலும் கலந்து மற்றொருவர் வயிற்றை அடைகிறது. ஆகவே, கழிவுக் கால்வாயும் குடிநீர்க் குழாயும் அருகருகே ஓடும் நெருக்கமான நகர்ப்புறங்களே இதன் உறைவிடம். அங்கு வாழும் சிறுவர்களே இதற்கு முதலில் இரையாகின்றனர்.

இந்நோய்க்குத் தடுப்பூசி புதியதன்று. கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்டு ஆல்மிரத் ரைட் என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1896ஆம் ஆண்டிலேயே அதனை ஆக்கினார். பெரும்பாலும் போர்வீரருக்கே அது இடப்பட்டது. 1960ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானிய கயானாவிலே பள்ளிச் சிறுவரிடையே நடைபெற்ற சோதனை, அவ்வகை ஊசி நல்ல பயன் தருவதை நிறுவியது. ஆயினும் ஊசி இட்ட கை வீங்கிக் காய்ச்சலும் காய்ந்ததால், பெற்றோர் அதனை விரும்பினாரல்லர்.

பின்னர் வந்தது வேறொரு வழி. இக்கிருமியின் மேல் போர்வைபோல் அமைந்த 'வீ' என்னும் சர்க்கரைப் பொருளை 1934இல் பீலிக்ஸ், பிற் என்னும் இருவர் எடுத்துக் கூறினர். அதனை மட்டும் தூய்மையாகப் பிரித்தெடுத்த ஊசி, உடலுக்கு அதிகத் தொல்லை தரவில்லை. நெருக்கமான சேரிகளில் அது எவ்வளவு பயன்படும் என்பதை அறியவே 2004ஆம் ஆண்டு கல்கத்தாவின் கிழக்குப் பகுதியிலே பெருஞ்சோதனை ஒன்று நடந்தது.

அச்சோதனையின் முறை கவனிக்கத்தக்கது. குடியிருப்புகள் 80 கூட்டங்களாக வகுக்கப்பட்டன. பாதிக் கூட்டங்களுக்கு 'வீ' ஊசியும், மறு பாதிக்கு மஞ்சட் காமாலையின் ஒருவகையைத் தடுக்கும் ஊசியும் சீட்டுப் போட்டாற்போல் ஒதுக்கப்பட்டன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நிறுத்தப்பட்ட மக்களும் வெறுங்கையோடு திரும்பலாகாது என்பதே அதன் நோக்கம். 37,000க்கு மேற்பட்டோர் ஊசி பெற்றனர். இரண்டு ஆண்டுகளின்பின் கணக்கிட்டபோது, 'வீ' ஊசி பெற்றோரிடையே நோய் 61 வீதம் குறைந்திருந்தது. அக்கூட்டங்களில் ஊசி பெறாத அயலவரிடையேயும் 44 வீதம் குறைந்திருந்தது. ஒருவர் காக்கப்பட்டால் அடுத்த வீட்டாரும் காக்கப்படுவர் என்னும் நம்பிக்கை பிறந்தது.

ஆனால் கராச்சி நகரில் நடந்த ஒத்த சோதனை அந்நம்பிக்கையைத் தளர்த்தியது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அங்கே பாதுகாப்புக் காணப்படவில்லை. அன்றியும், இரண்டு வயது நிரம்பாத குழந்தையின் உடல், தனிச் சர்க்கரைப் பொருளை எதிரியென அறிந்து போராடக் கற்றுக்கொள்வதில்லை. மிகவும் காக்கப்பட வேண்டிய பருவத்தினரே வெளியே நிற்க நேர்ந்தது.

இக்குறையைப் போக்க, சர்க்கரைப் பொருளைப் புரதத்தோடு பிணைக்கும் உபாயம் கைக்கொள்ளப்பட்டது. புரதத்தைக் கண்ட உடல் விழித்துக்கொண்டு, அதனோடு பிணைந்த சர்க்கரையையும் நினைவில் நிறுத்துகிறது. வியத்நாமில் இரண்டு முதல் ஐந்து வயதுச் சிறாரிடம் இவ்வழி 90 வீதத்துக்கு மேற் பலனளித்ததென 2001இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் இந்தியாவின் ஹைதராபாத்திலே ஆக்கப்பட்ட இணைப்பு ஊசி, ஒன்பது மாதக் குழந்தை தொடக்கம் பதின்பருவச் சிறார் வரை மூன்று நாடுகளிலே சோதிக்கப்பட்டது. நேபாளத்தின் லலித்பூர், மலாவியின் பிளான்டயர், வங்காள தேசத் தலைநகர் டாக்காவின் மீர்ப்பூர் ஆகியவையே அவ்விடங்கள்.

லலித்பூரில் ஏறத்தாழ 20,000 சிறாரும், பிளான்டயரில் 28,000 சிறாரும் பங்குபற்றினர். இரு நகரங்களிலும் ஒரே ஓர் ஊசி ஏறத்தாழ 80 வீதப் பாதுகாப்பை அளித்தது. மக்கள் நெரிந்து வாழும் மீர்ப்பூரிலே 150 கூட்டங்கள் வகுக்கப்பட்டு, 2018 முதல் 67,000க்கு மேற்பட்ட சிறாருக்கு ஊசி இடப்பட்டது. புதிய ஊசி பெற்றோரிடையே நோய் 85 வீதம் குறைந்தது. இரண்டு வயதுக்குட்பட்டோரும் பயனடைந்தனர். ஆனால் ஊசி பெறாத அயலவருக்குக் கல்கத்தாவிற் கண்டதுபோன்ற தெளிவான காப்பு இங்கே கிடைக்கவில்லை. ஊசி, அதனைப் பெற்ற குழந்தையைக் காக்குமேயன்றி, அசுத்தமான தண்ணீரைச் சுத்தமாக்காது என்னும் உண்மை மீண்டும் வெளிப்பட்டது.

இன்னுமொரு பாடமும் மீர்ப்பூரிலே கிடைத்தது. ஒப்பீட்டுக் கூட்டத்துச் சிறாருக்கும் 2021இல் நெருப்புக் காய்ச்சல் ஊசி வழங்கப்பட்டது. அவர்களோடு முன்னரே ஊசி பெற்றோரை ஒப்பிட்டபோது, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் காப்பு குறைந்து செல்வது தெரியவந்தது. மிக இளம்பருவத்தில் ஊசி பெற்றோரிடம் இக்குறைவு கூடுதலாயிருந்தது. பள்ளிசெல்லும் பருவத்தில் மறு ஊசி வேண்டுமோ என்னும் வினா இதனாலேயே எழுந்தது.

இதற்கிடையே காலம் பொறுத்திருக்கவில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத் நகரிலே 2016ஆம் ஆண்டு, வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கும் அடங்காத கிருமி தோன்றிப் பரவியது. மருந்துகள் ஒவ்வொன்றாய்த் தோற்கும்போது, நோய் வருமுன் காத்தலே நிலையான வழியாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் இணைப்பு ஊசியைப் பரிந்துரைத்தது. 2019ஆம் ஆண்டு பாகிஸ்தான், குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிகளோடு அதனைச் சேர்த்துக்கொண்ட முதல் நாடாயிற்று.

கல்கத்தாவின் சேரியிலும் மீர்ப்பூரின் சந்திலும் தம் பிள்ளைகளின் கையை நீட்டக் கொடுத்த பெற்றோர், எந்த ஊசி தம் பிள்ளைக்கு வாய்த்ததென்று அறியாமலே ஒப்புதல் அளித்தனர். பிற நாட்டுக் குழந்தைகள் இன்று பெறும் காப்பு அவர்கள் தந்த நம்பிக்கையின் பயனாகும். அவர்களுடைய தெருக்களுக்கு நல்ல தண்ணீரும் மூடிய கால்வாயும் கிடைக்கச் செய்வதே அந்நம்பிக்கைக்கு உலகம் செலுத்த வேண்டிய கடன்.