கொழுப்புக் குளிசை வந்த வழி

மன்னார் நகரை ஒட்டிய கடற்கரைக் கிராமம் கீரி. பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்து அங்கே வீடு திரும்புகிறவர் உடம்பில் பெரும்பாலும் இரண்டு தழும்புகள் இருக்கும். ஒன்று நெஞ்சின் நடுவே, மற்றது காலில். கையில் கிளினிக் கொப்பி. அதில் எழுதியிருக்கும் மருந்துகளில் ஒன்றுக்கு ஊர்வழக்கில் ‘கொழுப்புக் குளிசை’ என்று பெயர். அட்டோர்வாஸ்டாட்டின், 40 அல்லது 80 மில்லிகிராம். அடைப்பைத்தான் சரிசெய்தாயிற்றே, இனி இது எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அதற்கான விடை காலில் இருக்கும் அந்தத் தழும்பிலிருந்தே தொடங்குகிறது.

1967இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் ஆர்ஜென்டீன மருத்துவர் ரெனே ஃபவலோரோ, காலிலிருந்து எடுத்த நாளத்தை இதயத்தில் பொருத்தி, அடைபட்ட தமனியைச் சுற்றி இரத்தத்துக்குப் புதுப்பாதை போட்டார். உலகம் முழுவதும் பரவிய முறை இதுதான். ஆனால் கால் நாளம் குறைந்த அழுத்தத்தில் மெதுவாக ஓடும் இரத்தத்துக்கானது. இதயத்தில் தைத்ததும் ஒவ்வொரு துடிப்பிலும் தமனியின் முழு அழுத்தத்தையும் அது தாங்க வேண்டியிருக்கிறது. சுவர் தடிக்கிறது, தடித்த சுவரில் கொலஸ்ட்ரோல் படிகிறது. சொந்தத் தமனியில் பல பத்தாண்டுகள் எடுக்கும் அடைப்பு இங்கே சில ஆண்டுகளிலேயே வந்துவிடும். பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிக் கால் நாளங்கள் அடைபட்டுவிடுவதை மருத்துவர்கள் கண்டார்கள். நெஞ்சுக்கூட்டின் உட்புறத் தமனியைப் பொருத்தினால் அது இதைவிட வெகுகாலம் உழைக்கிறது. என்றாலும் மூன்று நான்கு இடங்களில் அடைப்பு இருக்கும்போது கால் நாளமும் தேவைப்படுகிறது.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். அந்த நாட்களில் தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. மன்னார்க்காரருக்குச் சென்னை எட்டாத ஊரல்ல. ஆனால் அக்காலத்தில் பைபாஸ் செய்துகொண்டவர் எந்த நாட்டவராக இருந்தாலும், பொருத்திய நாளத்தைக் காக்கச் சரியான மருந்து அவருக்கு இருக்கவில்லை. நயாசின் சாப்பிட்டால் முகமும் உடம்பும் சிவந்து எரியும். கொலஸ்டிரமின் என்ற மணல் போன்ற தூளைத் தண்ணீரில் கலக்கி நாள்தோறும் விழுங்க வேண்டும். குளோஃபைப்ரேட் கொழுப்பைக் குறைத்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களிடையே இறப்புகள் கூடியிருந்தன. கொழுப்பைக் குறைக்கும் மருந்து என்றாலே மருத்துவர்கள் தயங்குகிற நிலை உருவானது.

அட்டோர்வாஸ்டாட்டின் எந்த வகையைச் சேர்ந்ததோ அந்த ஸ்டாட்டின் மருந்து வகை பிறந்ததும் அதே பத்தாண்டில்தான். ஜப்பானில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ, பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கின் கதையைப் படித்து ஈர்க்கப்பட்டவர். சாங்க்யோ மருந்து நிறுவனத்தில் 1971இல் அவர் ஒரு தேடலைத் தொடங்கினார். உடம்பிலுள்ள கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதி சாப்பாட்டில் வருவதில்லை, உடம்பே அதை உண்டாக்குகிறது. அதற்கு இன்றியமையாத ஒரு நொதியைத் தடுக்கும் பொருளை ஏதாவது ஒரு பூஞ்சணம் தன் தற்காப்புக்காகச் சுரக்கக்கூடும் என்று அவர் எண்ணினார். சுமார் 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்த பிறகு, கியோட்டோ நகரத்துத் தானியக் கடையில் கிடைத்த அரிசியின் பூஞ்சணத்தில் அந்தப் பொருள் அகப்பட்டது. 1973இல் பிரித்தெடுக்கப்பட்ட அதற்குக் கம்பாக்டின் என்று பெயர்.

எலிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரோல் குறையவே இல்லை. நிறுவனம் ஆர்வம் இழந்தது. எண்டோ விடவில்லை. முட்டையில் கொலஸ்ட்ரோல் நிறைய இருக்கிறது, ஆகவே முட்டையிடும் கோழியின் உடம்பு அதை நிறையத் தயாரித்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டார். சக ஆய்வாளர் ஒருவரின் கோழிகளுக்குத் தீவனத்தோடு மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். இரத்தக் கொலஸ்ட்ரோல் ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. 1980இல் நாய்களில் பக்கவிளைவு தெரிந்ததாகச் சொல்லிச் சாங்க்யோ அந்த ஆராய்ச்சியை நிறுத்திவிட்டாலும், அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் வேறொரு பூஞ்சணத்திலிருந்து லோவாஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தது. 1987இல் விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் அதுதான். எண்டோ 2024 ஜூனில் தமது 90ஆம் வயதில் காலமானார்.

கொழுப்பு குறைகிறது, ஆனால் உயிர் பிழைக்கிறதா? இதற்கு 1994இல் பதில் கிடைத்தது. ஸ்கண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளைப் பிரித்து, பாதிப்பேருக்கு சிம்வாஸ்டாட்டினும் மீதிப்பேருக்கு வெறும் மாவுக் குளிசையும் கொடுத்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். மாவுக் குளிசை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர். பழைய தயக்கம் அத்தோடு நீங்கியது.

அடுத்து வந்தது அளவைப் பற்றிய கேள்வி. பைபாஸ் செய்துகொண்ட 1,351 பேரை மட்டும் வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1997இல் வெளியானது. ஒரு பிரிவினரின் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைச் சிறு அளவு மருந்தால் டெசிலீட்டருக்கு 130 மில்லிகிராம் அளவில் வைத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு மருந்தைக் கூட்டி 100க்கும் கீழே கொண்டுவந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு படம் எடுத்துப் பார்த்தபோது, முதல் பிரிவில் 39 விழுக்காடு நாளங்களில் அடைப்பு வளர்ந்திருந்தது. இரண்டாம் பிரிவில் 27 விழுக்காடு. 2008இல் இன்னொரு ஆய்வு அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமையும் 80 மில்லிகிராமையும் ஒப்பிட்டது. முன்பே பைபாஸ் செய்திருந்த 4,654 பேரில், 80 சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் 27 விழுக்காடு குறைந்திருந்தன. மறுபடியும் அடைப்பு நீக்கச் சிகிச்சைக்குப் போகும் தேவையும் 30 விழுக்காடு குறைந்திருந்தது. கிளினிக் கொப்பியில் இருக்கும் 40, 80 என்ற எண்களுக்குப் பின்னால் இந்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

எட்டு மடங்கு மருந்து என்றால் எட்டு மடங்கு பலன் என்று பொருள் அல்ல. 10 மில்லிகிராமே எல்டிஎல்லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்கிவிடும். அதன் பிறகு அளவை ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் சுமார் 6 விழுக்காடுதான் கூடுதலாகக் குறையும். ஆகவே 80இலும் இலக்கை எட்டாதவருக்கு எசெட்டிமைப் போன்ற இரண்டாவது மருந்தைச் சேர்க்கிறார்கள். ஆசியர்களின் இரத்தத்தில் ரோசுவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டினின் அளவு ஐரோப்பியரைவிட ஏறக்குறைய இரு மடங்கு உயர்வதால், அவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவதைப் பரிசீலிக்கும்படி அமெரிக்க மருந்துக் குறிப்பே சொல்கிறது. மிதமிஞ்சினால் தீங்கும் உண்டு. தசைகளைச் சிதைத்து உயிர்களைப் பறித்ததால் செரிவாஸ்டாட்டின் 2001இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இலக்கு எவ்வளவு என்பதில்தான் வீடுகளில் குழப்பம் அதிகம். இரத்தப் பரிசோதனைத் தாளில் எல்டிஎல் 95 என்று இருக்கும், பக்கத்திலேயே ‘100க்குக் கீழ் நல்லது’ என்று அச்சிட்டிருக்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று குளிசையை நிறுத்திவிடுவார்கள். தாளில் இருக்கும் எல்லை பொதுமக்களுக்கு உரியது. இதய நோய் உள்ளவர்களுக்கு ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019இல் வகுத்த இலக்கு 55க்குக் கீழே. தவிர, 95 என்ற அந்த எண் குளிசை வேலை செய்வதால் வந்தது. நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும்.

கரைவலை இழுக்கிற ஊர்களில் தோளும் தொடையும் வலிக்காத நாள் அரிது. அந்த வலிக்கும் குளிசைமேல் பழி விழும். லண்டனில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் மருந்தும் சில மாதம் மாவுக் குளிசையும் மாற்றிமாற்றிக் கொடுத்தார்கள். மருந்தின்போது சொன்ன உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு மாவுக் குளிசையின்போதும் இருந்தது. ஆனால் கடும் தசைவலியோடு சிறுநீர் தேயிலைச் சாய நிறத்தில் போனால் அது வேறு கதை. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இந்தக் குளிசை இலங்கையில் கிளினிக்கில் காசில்லாமல் கிடைப்பதற்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. பேராசிரியர் சேனக பிபிலேயும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் தந்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. வணிகப் பெயரைப் பாராமல் மருந்தின் பொதுப்பெயரில், நாட்டுக்கே மொத்தமாக, மலிவாக வாங்கும் வழக்கம் அதோடு தொடங்கியது. மன்னாருக்கு அதன் பயன் முழுமையாகச் சேர நாளானது. 1990இல் போர் மன்னார்த் தீவின் பாலத்தையும் தலைமன்னார் ரயில் பாதையையும் பறித்தது. புதிய பாலம் 2010இலும் தலைமன்னார் ரயில் 2015இலும்தான் வந்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளிலேயே மருந்துகள் தீர்ந்து, வெளியே வாங்கச் சொல்லும் நிலை வந்தது.

பைபாஸ் செய்துகொண்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அடுத்த கிளினிக் நாளில் மூன்றைக் கேட்டு அறிய வேண்டும்: எல்டிஎல் இப்போது எவ்வளவு, எங்களுக்கு இலக்கு எவ்வளவு, இந்த அளவு போதுமா. பரிசோதனைத் தாள்களைத் திகதி வாரியாகக் கொப்பியோடு வைத்திருங்கள். குளிசை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.