தெருவிளக்குக்கு வெயிலா, கம்பியா?

புதுச்சேரியில் ஒரு தெருவை அழகுபடுத்தப் போகிறார்கள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது விளக்குக் கம்பம்தான். பழைய பாணியில் வார்ப்பிரும்புக் கம்பம், அதன் தலையில் கண்ணாடிக் கூண்டு. அது முடிவானதும் அடுத்த கேள்வி வரும்: கரண்டில் எரியவிடுவதா, சோலார் போடுவதா? இளைஞர்கள் இதைப் புதுக் கேள்வி என்று நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு முந்நூற்றைம்பது வயது. விளக்கு தனக்கு வேண்டியதைத் தானே சுமக்க வேண்டுமா, வேறிடத்திலிருந்து அதற்கு வந்துசேர வேண்டுமா என்பதுதான் அன்றும் இன்றும் விஷயம்.

1667-ல் பாரிஸ் நகரக் காவல் தலைமைக்கு லா ரெய்னி என்பவர் வந்தார். திருட்டும் கொலையும் மலிந்த அந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு கண்ணாடிக் கூண்டுகளைத் தொங்கவிட்டு, உள்ளே மெழுகுவத்தி ஏற்ற ஏற்பாடு செய்தார். அடுத்த நூற்றாண்டில் மெழுகுவத்தி போய், பளபளப்பான உலோகத் தகடு பொருத்திய எண்ணெய் விளக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் தெருவிளக்குக்கு நாங்கள் படித்த 'ரெவெர்பேர்' என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். ஒளியைத் திருப்பி வீசுவது என்று பொருள். சிக்கனத்துக்காக நிலாக் காலத்தில் அதை ஏற்றாமல் விட்டுவிடுவார்கள். மேகம் மூடிவிட்டால் ஊரே இருட்டு. எண்ணெய் ஊற்ற, திரி வெட்ற, கண்ணாடி துடைக்க நாள்தோறும் ஆள் வேண்டும்.

1829-ல் பாரிஸ் தெருக்களில் எரிவாயு விளக்கு எரிந்தது. இப்போது விளக்கு எதையும் சுமக்கவில்லை. மண்ணுக்கடியில் குழாய் வழியே வாயு வந்தது. ஆனாலும் கோலை எடுத்துக்கொண்டு போய் ஏற்றி அணைக்க ஆள் தேவைப்பட்டது. 1878-ல் உலகக் கண்காட்சிக்காக ஒப்பரா சாலையில் மின்விளக்குப் போட்டார்கள். பிறகு மின்கம்பி பரவ, விளக்கேற்றும் ஆளே மறைந்துபோனார். ஒரு சுவிட்ச் போதும் என்றாயிற்று.

வெயிலின் கதையும் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்று 1839-ல் கண்டவர் எட்மோன் பெக்கரெல் என்ற பத்தொன்பது வயது பிரெஞ்சு இளைஞர். பயன்படுத்தத்தக்க சிலிக்கான் சோலார் செல்லை அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உலகுக்குக் காட்டியது 1954 ஏப்ரலில். அதே ஆண்டு நவம்பர் 1-ம் தேதிதான் நம் ஊர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து கைமாறியது. பட்ட ஒளியில் ஏறக்குறைய 6 சதவீதத்தைத்தான் அந்தச் செல் மின்சாரமாக மாற்றியது. இன்று அது 20-ஐத் தாண்டிவிட்டது.

ஆக, தனிக் கம்பத்தில் நிற்கும் சோலார் விளக்கு பழைய எண்ணெய் விளக்கின் மறுபிறவிதான். எண்ணெய்க்குப் பதில் பேட்டரி, அவ்வளவே வித்தியாசம்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 30 வாட் எல்.இ.டி. விளக்கு இரவில் 11 மணி நேரம் எரிந்தால் 330 வாட்-மணி, அதாவது யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. வருடத்துக்கு 120 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் 840 ரூபாய்தான். சோலார் போட்டு நாம் மிச்சம் பிடிப்பது இவ்வளவே. இதற்காக 100 வாட்டுக்கு மேற்பட்ட தகடு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் வெயில் முகம் காட்டாமல் இருந்தால் தாக்குப்பிடிக்க ஒரு யூனிட் கொள்ளும் பேட்டரியும் வேண்டும். அந்தப் பேட்டரியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கம்பி ஏற்கனவே இருக்கும் தெருவில் இது லாபமில்லை. கம்பி போகாத இடத்தில் கதை வேறு. பள்ளம் தோண்டி, கேபிள் புதைத்து, சாலையை மூடும் செலவோடு ஒப்பிட்டால் அங்கே சோலார்தான் மலிவு.

அடுத்து நம் தெருக்களைப் பார்ப்போம். துய்மா வீதியிலும் சுய்ஃப்ரேன் வீதியிலும் மரநிழலும் மதில்மேல் காகிதப்பூக் கொடியும்தான் அழகு. தகட்டுக்கு வெயில் வேண்டுமென்றால் கிளையை வெட்ட வேண்டும். பழைய பாணிக் கூண்டின் தலையில் தெற்குப் பார்த்துச் சாய்ந்த ஒரு மீட்டர் தகட்டை வைத்தால், தொப்பி போட்டவர் குடையும் பிடித்த மாதிரி இருக்கும். கடற்கரைச் சாலையில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் உப்புக்காற்று திருகாணிகளை அரிக்கும், தகட்டில் படலம் கட்டும். மிச்சத்தைக் காக்கை பார்த்துக்கொள்ளும். துடைக்க ஆள் வேண்டும். மறைந்துபோன விளக்கேற்றுபவர் இங்கே திரும்ப வந்தாக வேண்டும்.

அரசாங்கக் கோப்புகளோடு காலம் கழித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். புதிதாக வாங்கப் பணம் ஒரு தலைப்பில் கிடைத்துவிடும். பராமரிக்கும் தலைப்பில்தான் கை இறுகும். திறப்பு விழாவுக்கு எல்லாரும் வருவார்கள், பேட்டரி மாற்றும் நாளுக்கு யாரும் வருவதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, சோலார் பக்கம் உள்ள வலுவான வாதத்தை மறைப்பது நியாயமில்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி விடியலில் தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கம்பியை நம்பிய விளக்கு ஒன்று போனால் எல்லாம் போகும். தன் பேட்டரியில் எரியும் விளக்கு, நின்று தப்பினால், தனியாக எரியும்.

ஆகவே என் முடிவு இதுதான். நிழலும் பழமையும் உள்ள வீதிகளில் பூமிக்கடி கேபிளும் எளிய எல்.இ.டி. விளக்கும் போதும். புயல் பாதுகாப்பு மையம், ஆஸ்பத்திரி வாசல், முக்கியச் சந்திப்பு, கம்பி எட்டாத மீனவர் குப்பத்து ஓரம் ஆகிய இடங்களில் சோலார் விளக்கு வையுங்கள்; டெண்டரிலேயே பேட்டரி மாற்றும் பொறுப்பையும் எழுதுங்கள். அலங்காரத் தெருவுக்கும் வெயில்தான் வேண்டுமென்றால், அதைக் கம்பத்தின் தலையில்தான் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அரசு அலுவலகங்களின் மொட்டைமாடிகள் வெறுமனே காய்கின்றன. அங்கே தகடுகளைப் பரப்பிப் பகலில் மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுத்து, இரவில் தெருவுக்கு வாங்கிக்கொள்ளலாம். ஒரே இடத்தில் நூறு தகடுகளைத் துடைப்பது, நூறு கம்பத்தில் ஏறுவதைவிட எளிது.