தாழொலியும் உச்சவொலியும்: டிரான்ஸிஸ்டர் பெருக்கியின் வரலாறு

நேயர்களே, தாய்நிலத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களின் வீடுகளில் வானொலிப் பெட்டி நெடுங்காலம் ஓர் உறவினரைப் போல் இடம்பெற்றிருந்தது. ஊரிலிருந்து கடிதம் வரப் பல நாள்கள் ஆகும். செய்தித்தாள் காலந்தாழ்த்தி வரும். குரல் மட்டும் பேசிய கணத்திலேயே வந்து சேரும். ஆனால் அக்குரல் முழுமையாக வந்து சேர்ந்ததா? ழகரமும் ளகரமும் வேறு வேறாகக் கேட்டனவா? மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து நாதம் செவிக்கு எட்டியதா? இவ்வினாக்களுக்கு விடை தருவது, பொறியியலார் ‘அதிர்வெண் துலங்கல்’ என வழங்கும் ஒரு பண்பு. டிரான்ஸிஸ்டர் பெருக்கியில் அப்பண்பு எவ்வாறு படிப்படியாகச் செம்மையுற்றது என்பதை இங்குக் காண்போம்.

இவ்வரலாற்றைத் திருவனந்தபுரத்திலிருந்து நோக்குவது பொருந்தும். திருவிதாங்கூர் அரசு அந்நகரில் 1943 மார்ச் 12-ஆம் நாள் தனக்கென ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கிற்று. 1950 ஏப்ரல் 1 முதல் அது அகில இந்திய வானொலியின் ஒரு நிலையமாயிற்று. அது வால்வுகளின் காலம். வால்வுக்குச் சூடேற்ற ஒரு மின்சாரமும், இயங்க உயர்ந்த மின்னழுத்தமும் வேண்டும். ஆகவே மின்வசதி இல்லாத வீட்டில் வானொலிப் பெட்டி வைப்பது எளிதாக இல்லை.

முதலில் துலங்கல் என்பது யாதெனக் காண்போம். பெருக்கி என்பது சிறிய மின்னலையைப் பெரிதாக்கித் தரும் கருவி. அது ஒரு நொடிக்கு 100 அதிர்வுகள் கொண்ட தாழொலியையும், 5,000 அதிர்வுகள் கொண்ட உச்சவொலியையும் ஒரே அளவில் பெருக்க வேண்டும். உண்மையில் எந்தப் பெருக்கியும் எல்லா ஒலிகளையும் சமமாகப் பெருக்குவதில்லை. அதிர்வெண்ணையும் பெருக்கத்தையும் கொண்டு ஒரு கோடு வரைந்தால், அது நடுவில் சமவெளியாகவும் இரு ஓரங்களில் சரிவாகவும் அமையும். பெருக்கம் நடுவிலுள்ள அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு 71 பங்காகக் குறையும் இரண்டு இடங்களையே பெருக்கியின் எல்லைகளாகக் கொள்வது மரபு.

எல்லை குறுகினால் மொழிக்கு நேரும் இழப்பு சிறிதன்று. ஆடவர் குரலின் அடிப்படை ஒலி பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். ழகரத்தை ளகரத்தினின்று பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகளோ ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகின்றன. ஸகரத்தின் சீறல் பெரும்பாலும் 4,000-க்கு மேற்பட்டது. உச்சம் தேய்ந்தால் சொல் மங்கும். தாழ்வு தேய்ந்தால் குரல் மெலியும்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டெயினும் முதல் டிரான்ஸிஸ்டரை இயக்கிக் காட்டினர். அதற்கடுத்த ஆண்டில் ஷாக்லி சந்தி டிரான்ஸிஸ்டரின் கொள்கையை வகுத்தார். மூவரும் 1956-இல் நோபல் பரிசு பெற்றனர். எமிட்டர், பேஸ், கலெக்டர் என மூன்று பகுதிகள் கொண்ட அச்சிறு பொருள் சில வோல்ட் மின்கலத்திலேயே இயங்கிற்று. ஆனால் வால்வை எடுத்துவிட்டு அவ்விடத்தில் டிரான்ஸிஸ்டரை வைத்தால் போதும் என்று எண்ணியவர்கள் இரு முனைகளிலும் இடர்ப்பட்டனர்.

தாழொலி முனையை எடுத்துக்கொள்வோம். ஒரு பெருக்கிப் படியிலிருந்து அடுத்த படிக்கு ஒலியலையைக் கடத்துவது கண்டென்சர் எனப்படும் மின்தேக்கி. வால்வின் வாயிலில் மின்தடை 10 லட்சம் ஓம் அளவில் இருக்கும். அங்கே 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணைத்தால், ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ் வரையுள்ள தாழொலியும் தடையின்றிச் செல்லும். டிரான்ஸிஸ்டரின் வாயில்தடையோ 1,000 ஓம் அளவினது. அதே மின்தேக்கியை இங்கு வைத்தால் எல்லை 16,000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பேச்சும் பாட்டும் முழுவதும் வெளியே நின்றுவிடும்! ஆயிரம் மடங்கு பெரியதான 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இங்கு வேண்டும். குறைந்த மின்னழுத்தத்துக்கு ஏற்ற சிறிய மின்பகுளி மின்தேக்கிகள் இக்குறையைத் தீர்த்தன. ஆயினும் அவை காலப்போக்கில் உலர்ந்து தம் கொள்ளளவை இழப்பவை. பழைய பெட்டியில் குரல் மெலிந்து ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உச்சவொலி முனையின் இடர் இன்னும் ஆழமானது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மின்னூட்டங்கள் எமிட்டரிலிருந்து பேஸ் பகுதியைக் கடந்து கலெக்டரை அடைய நேரம் பிடிக்கும். பேஸின் அகலம் பாதியானால் அந்நேரம் கால் பங்காகக் குறையும்; எனவே அகலத்தைக் குறைப்பதே முதற்பணி ஆயிற்று. தனித்த நிலையில் 5 லட்சம் ஹெர்ட்ஸ் வரை செயற்படும் ஒரு டிரான்ஸிஸ்டரை, மின்னோட்டத்தை 50 மடங்கு பெருக்கும் வழக்கமான சுற்றில் அமைத்தால், அதன் மின்னோட்டப் பெருக்கம் சுமார் 10,000 ஹெர்ட்ஸிலேயே சரியத் தொடங்கும். பெருக்கம் கூடினால் பரப்புக் குறையும் என்பது இதன் கணக்கு.

இரண்டாவது காரணத்தை ஜான் மில்லர் என்பவர் வால்வுகளை ஆராய்ந்து 1920-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே விளக்கியிருந்தார். கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே இயல்பாகவே ஒரு சிறு மின்தேக்கம் உண்டு. அது 10 பிக்கோஃபாரட் என்றும், பெருக்கம் 100 மடங்கு என்றும் கொண்டால், வாயிலில் அது ஏறத்தாழ 1,000 பிக்கோஃபாரட் போலத் தோன்றி உச்ச அதிர்வுகளை விழுங்கிவிடும். கடுகளவு இடையூறு மலையளவாகும் விந்தை இது.

1954 அக்டோபரில் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட ரீஜன்சி என்னும் சட்டைப்பை வானொலி இத்தடைகளுக்கு நல்ல சான்று. வானொலிப் பெட்டிகளின் இடைநிலை அதிர்வெண் வழக்கமாக 455 கிலோஹெர்ட்ஸ். அப்பெட்டியிலோ அதனை 262 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குத் தாழ்த்த வேண்டியதாயிற்று. அன்றைய டிரான்ஸிஸ்டர்கள் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் போதிய பெருக்கம் தந்தன.

தீர்வுகள் பல திசைகளிலிருந்து வந்தன. பெருக்கத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, வெளியீட்டின் சிறு பங்கை எதிர்முகமாக வாயிலுக்கே திருப்பினால் சமவெளி அகலும் என்பதை ஹரால்டு பிளாக் 1927-இலேயே கண்டிருந்தார்; அம்முறை டிரான்ஸிஸ்டருக்கும் உதவிற்று. 1950-களின் நடுவில், மாசுப்பொருளை ஆவியாக்கி ஊடுருவச் செய்யும் முறையால் பேஸின் அகலம் சுமார் ஒரு மைக்ரான் அளவுக்குக் குறைந்தது. அதனால் எல்லை பலகோடி ஹெர்ட்ஸுக்கு உயர்ந்தது. 1959-இல் ஜீன் ஹோர்னி வகுத்த சமதள முறை, சிலிக்கன் டிரான்ஸிஸ்டர்களை நம்பத்தக்க வகையில் பெருமளவில் ஆக்க வழிசெய்தது. நம் நாட்டில் பெங்களூர்ப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962-இல் ஜெர்மானியக் குறைகடத்திப் பொருள்களின் உற்பத்தியைத் தொடங்கிற்று.

அடுத்த ஆண்டில் திருவனந்தபுரம் மீண்டும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. காந்த நடுக்கோடு அருகே செல்வதால் தேர்ந்தெடுக்கப்பட்ட தும்பா என்னும் மீனவச் சிற்றூரிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் விண்ணேறியது. அது சோடிய ஆவியை வானில் படரவிட்டது. பின்வந்த ராக்கெட்டுகள் பல, கருவிகளை ஏந்திச் சென்று, தாம் அளந்தவற்றை வானொலி அலை வழியே தரைக்கு அனுப்பின. தும்பாவின் தொடக்கக் குழுவில் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும், ராக்கெட்டின் தடமறிதலிலும் தொலைவளவையிலும் அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்த ஆர். அரவமுதனும் இருந்தனர். இருவரும் சென்னை எம்.ஐ.டி.யில் பயின்றவர்கள், நம் நேயர்களைப் போலவே, பிழைக்கச் சென்ற மாநிலத்தைத் தம் ஊராகக் கொண்டவர்கள்.

தொலைவளவையில் துலங்கல் எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணிப் பாருங்கள். அக்காலத்தில் உலகெங்கும் பரவலாக வழங்கிய முறையில், ஒவ்வோர் அளவும் ஒரு தனிச் சுருதியாக மாற்றப்படும். 400 ஹெர்ட்ஸ் முதல் 70,000 ஹெர்ட்ஸ் வரை அமைந்த அச்சுருதிகள் ஒன்றாகக் கலந்து ஒரே அலையில் தரைக்கு வரும். இடையிலுள்ள பெருக்கி ஒரு முனையில் சரிந்தால், அம்முனையின் சுருதி இரைச்சலில் மூழ்கும். அது சுமந்த அளவும் உடன் மூழ்கும். சில நிமிடங்களே பறக்கும் ராக்கெட்டிடம் திரும்பக் கூறு என்று கேட்க இயலாது.

1973-இல் கேரள அரசு திருவனந்தபுரத்தில் கெல்ட்ரான் நிறுவனத்தை அமைத்தது. அதனைச் சார்ந்து கண்ணூரில் எழுந்த தொழிற்சாலை மின்பகுளி மின்தேக்கிகளை ஆக்கிற்று. தாழொலியைக் காக்கும் உறுப்பு இவ்வாறு அம்மாநிலத்திலேயே விளைந்தது. உச்சவொலிக்கு இன்னொரு வேலியும் இருந்தது. மத்திய அலைவரிசையில் நிலையங்கள் நெருங்கி அமைவதால், பெருக்கி எத்துணைச் சிறந்ததாயினும், ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிக்கு அங்கு இடமில்லை. 1977-இல் சென்னையில் தொடங்கிய பண்பலை ஒலிபரப்பு அவ்வேலியை 15,000 ஹெர்ட்ஸ் வரை விலக்கி வைத்தது.

ஆகவே நேயர்களே, தொலைவிலிருந்து வரும் தமிழ் உங்கள் செவியில் தெளிவாக விழும்போது, அத்தெளிவு தானாக வந்ததன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒரு மைக்ரான் அகலத்துக்காகவும், ஒரு சிறு மின்தேக்கியின் அளவுக்காகவும் பல நாட்டவர் பல்லாண்டு உழைத்தனர். ழகரம் ழகரமாகவே நம் வீடு வந்து சேர்ந்தது அவ்வுழைப்பின் பயன்.